ஒன்பதாம் மாத ஊசி

என் மகனுக்கு ஆறு மாதம் முடிந்த சமயம். சளி, ஊர்ப் பயணம் என்று தள்ளிக்கொண்டே போன முத்தடுப்பு ஊசியின் மூன்றாவது தவணையை ஒருவழியாகப் போட்டுவிட்டு வீடு திரும்பினோம். கணவர் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, மத்தியான ஷிப்டுக்கான கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிப் போனார். ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. நான் பிரசவ விடுப்பை நீட்டிக்கொண்டே போய், அடுத்த வாரம் ஆபீஸுக்குத் திரும்ப இருந்தேன்.

மூன்று மணி வாக்கில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த சொட்டு மருந்தைப் புகட்டிப் படுக்கப் போட்டேன். சமையலறையில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனவளுக்கு உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரே சீராக, யாரோ கதவைத் தட்டுவது மாதிரி. வந்து பார்த்தால் குழந்தையின் குதிகால் கட்டில் சட்டத்தில் மோதிக்கொண்டிருந்தது. கண்கள் மேலே செருகி வெள்ளை மட்டும் தெரிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த உடம்புக்குள் அவன் இல்லை.

நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுப் பெண் ஓடி வந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. குழந்தையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தியவள் அவள்தான். போவன்பள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து டாக்டர் வீடு வரை என் கையை விடவே இல்லை. "டென்ஷன் நக்கோ, வேணாம் அக்கா, ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆட்டோ கிளம்பியதுமே குழந்தை ஒருமுறை உடம்பை முறுக்கி, மூச்சை இழுத்து, அழ ஆரம்பித்தான். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம் இருக்கும். அந்த மூன்று நிமிஷத்தை வைத்துத்தான் பிறகு வந்த பத்து வருஷத்தையும் நான் நடத்தினேன்.

டாக்டர் வயதானவர். பரிசோதனையெல்லாம் செய்துவிட்டு, காய்ச்சலால் வந்த வலிப்பு, சில குழந்தைகளுக்கு வரும், மூளைக்கு ஒன்றும் ஆகாது என்று பொறுமையாகச் சொன்னார். இனி முத்தடுப்பு போடும்போது காய்ச்சல் குறைவாக வரும் ரகத்தைப் போடலாம் என்றார். கடைசியாக அவர் சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஒன்பதாம் மாசம் தட்டம்மை ஊசி இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. பயந்துக்கிட்டு விட்டுடாதம்மா."

தலையாட்டினேன்.

என் வேலை, மென்பொருளைச் சோதிப்பது. ஹைடெக் சிட்டியில் மாதத்துக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். பிறர் எழுதிய நிரலை எடுத்துக்கொண்டு, எந்த அபூர்வமான சூழ்நிலையில் அது உடையும் என்று தேடுவதற்கு எனக்குச் சம்பளம். லட்சம் தடவை சரியாக ஓடுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உடைகிற அந்த ஒரு தடவைதான் என் பிழைப்பு. அந்தப் புத்தியோடு வீட்டிலும் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். மதிய உணவு இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில், தடுப்பூசி போட்டபின் என் குழந்தை இப்படியானது, அப்படியானது என்று யார் யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன். பக்கத்து இருக்கைக்காரி இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவள். "அங்கே படிச்சவங்களே போடறதில்லை. இவ்வளவு சின்ன உடம்புல இத்தனை மருந்தை ஏத்தினா தாங்குமா? அம்மை தானா வந்து போனாத்தான் உடம்புக்கு உண்மையான எதிர்ப்பு சக்தி" என்றாள். அவள் சொன்னதை நான் சோதிக்கவே இல்லை. எனக்கு வேண்டிய பதில் அது.

ஒன்பதாம் மாதம் வந்தபோது நாங்கள் ஊரில் இருந்தோம். ஒரு கல்யாணத்துக்காக நானும் குழந்தையும் முன்னால் போயிருந்தோம். கணவர் போனில் கேட்டார்.

"ஊசிக்கு நாளாச்சுல்லா. அங்கேயே போட்டுருதியா?"

"சரி, போட்டுருதேன்."

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். "போட்டாச்சா?"

"போட்டாச்சு."

அவ்வளவு சுலபமாக வந்தது. ஹைதராபாத் திரும்பியதும் பீரோவிலிருந்து மஞ்சள் நிற ஊசி அட்டையை எடுத்து, தட்டம்மை என்ற வரிசைக்கு நேரே ஒரு தேதியை எழுதி, பக்கத்தில் யாருடைய கையெழுத்தும் இல்லாத ஒரு கிறுக்கலைப் போட்டேன். பேனாவை மூடியபோது எனக்குக் குற்ற உணர்ச்சி ஏதும் இல்லை. உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. இனி அந்தக் குதிகால் சத்தத்தைக் கேட்கவேண்டாம் என்றிருந்தது. தடுப்பூசிக்கே நான் எதிரி என்று அப்போது என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். பயந்திருந்தேன், அவ்வளவுதான். பயந்தவள் என்று வெளியே தெரிவதற்கும் பயந்தேன்.

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு மறு வருஷம் பெண் குழந்தை பிறந்தது. அவள் புருஷனுக்கு போவன்பள்ளி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. விடியும் முன்னே போய்விட்டு மத்தியானம் திரும்புகிறவர். மூன்று தலைமுறைக்கு முன்னால் செகந்திராபாத் வந்த தமிழ்க் குடும்பம் அவளுடையது. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திரும்பி, தக்கினி என்கிற ஹைதராபாத் உருதுவில் முடிப்பாள். நான் வேலைக்குத் திரும்பிய பிறகு என் மகனைப் பார்த்துக்கொண்டவள் அவளே. காலையில் பக்கத்துத் தெருவில் ஒரு விளையாட்டுப் பள்ளி. பன்னிரண்டு மணிக்கு அவள் போய் அழைத்து வருவாள். சோறூட்டித் தூங்க வைப்பாள். சாயங்காலம் நான் வரும்போது என் மகன் அவள் பெண் குழந்தையின் பாயில் அதன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் நான் அவனைக் கூப்பிட வந்தபோது அவள் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு தம்பிக்கு அப்படி ஆச்சில்ல, அதை நினைச்சா எனக்கு இவளை ஊசிக்குத் தூக்கிட்டுப் போகவே பயமா இருக்கு. மத்ததெல்லாம் எப்படியோ போட்டாச்சு. அந்த ஒன்பதாம் மாச ஊசி போட்டப்போ தம்பிக்கு ஏதாவது ஆச்சா?"

குழந்தை அவள் மடியில் கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஆறு மாதம் முடிந்திருந்தது.

"ஒண்ணும் ஆகலை" என்றேன். "லேசாக் காய்ச்சல்கூட வரலை."

"ஹவ்? ஆமாவா? அப்ப சரி அக்கா. நீங்களே போட்டுட்டீங்கன்னா எனக்கென்ன பயம்."

நான் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கேட்டவள், என் மகனை நடுரோட்டில் தூக்கிக்கொண்டு ஓடியவள். என்னை ஏளனம் செய்திருக்கமாட்டாள். கூட உட்கார்ந்து, "கைக்கு பயப்படறீங்க அக்கா, எதுக்குப் பயம், வாங்க ரெண்டு பேருக்கும் சேர்ந்தே போட்டுட்டு வரலாம்" என்று சொல்லியிருப்பாள் என்றுதான் இன்றைக்குத் தோன்றுகிறது. அப்படிப் போயிருந்தால் என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை நான் முடிப்பதில்லை.

அடுத்த மாதம் என் மகனுக்கு மூக்கு ஒழுகியது. கண் சிவந்து உடம்பு கதகதவென்று இருந்தது. ஆபீஸில் அந்த வாரம் ஒரு பெரிய வெளியீடு. கடைவாய்ப்பல் முளைக்கிற காய்ச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பள்ளிக்கு அனுப்பாமல் காலையிலேயே கீழ்வீட்டில் விட்டேன். மூன்று நாள் அப்படி விட்டேன். நான்காம் நாள் சாயங்காலம் அவள் அவனை என்னிடம் கொடுக்கும்போது, "அக்கா, காதுக்குப் பின்னால பாருங்க" என்றாள். சிவப்புப் புள்ளிகள் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, தட்டம்மை என்றார். அட்டையைக் கேட்டார். என் கிறுக்கலைப் பார்த்தார். "போட்டிருக்கே" என்றார். "ஊர்ல போட்டோம் டாக்டர்" என்று கணவர் பதில் சொன்னார், முழு நம்பிக்கையோடு. டாக்டர் தோளைக் குலுக்கினார். "ஒரு தவணை போட்டும் சிலருக்கு வரத்தான் செய்யுது. பார்த்துக்கலாம். வீட்டுல வேற கைக்குழந்தை இல்லையே?"

"இல்லை" என்றேன். எங்கள் வீட்டில் இல்லைதான்.

பதினோராம் நாள் கீழே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு மாதக் குழந்தை. ஊசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. உடம்பெல்லாம் சிவந்து, கண் பீளை கட்டி, பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடந்தது. வாசல் நிலையில் வேப்பிலை செருகி வைத்துவிட்டு அவள் குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் தினமும் இறங்கிப் போய் நின்றேன். மூச்சு வேகமாக இருக்கிறதா என்று அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க கைக்கு அழுறீங்க அக்கா? குழந்தைங்கன்னா தட்டு, அம்மைன்னு வரும், போகும். ஊசி போட்ட தம்பிக்கே வந்துச்சு, இவ எம்மாத்திரம்" என்றாள்.

பத்து நாளில் குழந்தை தேறிவிட்டது. சிரித்தது. என் மகன் கையால் ஊட்டிய பிஸ்கட்டைச் சப்பியது. நான் மகனை டாக்டரிடம் கூட்டிப் போய் விட்டுப்போன ஊசிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டேன். எந்த ஊசிக்கும் அவனுக்கு வலிப்பு வரவில்லை. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஏழு வருஷம் அப்படி நினைத்தேன்.

அந்த ஏழு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெண் வளர்ந்தாள். என்னைப் பெத்தம்மா, அதாவது பெரியம்மா, என்று தெலுங்கில் கூப்பிட்டாள். என் மகன் அவளுக்கு அன்னய்யா. இரண்டும் தெலுங்கில் சண்டை போட்டு, இந்தியில் சமாதானமாகும். நான் தமிழில் கேட்பதற்கு இரண்டும் இங்கிலீஷில் பதில் சொல்லும். பெண் படு சுட்டி. மொட்டைமாடியில் நொண்டி விளையாடினால் ஒரு கட்டத்தில்கூடக் கோட்டை மிதிக்காது. நாங்கள் குக்கட்பள்ளிப் பக்கம் வீடு வாங்கிப் போகலாம் என்று இரண்டு தடவை முடிவெடுத்தோம்; இரண்டு தடவையும் பிள்ளைகளைப் பிரிக்கவேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவளுக்கு ஏழு வயது. அந்த வருஷம் அவளுக்கு ஒரு தம்பியும் பிறந்திருந்தான். கையெழுத்து கெட்டுப்போய்விட்டது என்று பள்ளியில் டீச்சர் குறிப்பு எழுதி அனுப்பினார். தம்பி பிறந்த ஏக்கம் என்று எல்லாரும் சொன்னோம். சொன்னதை மறந்தாள். பாதி வாக்கியத்தில் நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கீழே இருந்தபோது அவள் பால் டம்ளரைக் கீழே போட்டாள். அவள் அம்மா முதுகில் ஓர் அடி வைத்து, "மூணாவது தடவை அக்கா இன்னைக்கு, வேணும்னே பண்றா" என்றாள். நான் குனிந்து துடைக்கப் போனவள் நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தேன். அவள் தலை லேசாக முன்னால் விழுந்து நிமிர்ந்தது. யாரோ கேட்டதற்கு ஆமாம் சொல்வது மாதிரி. சில விநாடி கழித்து மறுபடியும். கூடவே வலது கை வெட்டி இழுத்தது.

"என்னடா கண்ணு பண்றே?" என்றேன்.

"நேனு செய்யட்லேது பெத்தம்மா" என்றாள். நான் செய்யவில்லை பெரியம்மா. "அதே வஸ்துந்தி." அதுவாக வருகிறது.

நரம்பியல் டாக்டரிடம் அவர்களோடு நானும் போனேன். அவள் புருஷனுக்கு மண்டியை விட்டு வர முடியவில்லை. கைக்குழந்தையைப் பிடித்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். தலையில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். முதுகிலிருந்து நீர் எடுத்தார்கள். முடிவுகள் வந்த அன்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். நடுத்தர வயதுப் பெண்மணி. தெலுங்கில்தான் பேசினார்.

"குழந்தைக்குச் சின்ன வயசில் அம்மை வந்ததா? ஒரு வயசுக்கு முன்னால்?"

"ஹவ் மேடம். ஏழாம் மாசம். தட்டு வந்துச்சு. அக்கா பையன்கிட்டயிருந்து ஒட்டிக்கிச்சு" என்றாள் அவள். குரலில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. முகவரி சொல்வது மாதிரிச் சொன்னாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அவளே முந்திக்கொண்டாள். "அவனுக்கு எல்லா ஊசியும் போட்டிருந்தாங்க மேடம். அப்படியும் வந்துச்சு. அவங்க மேல ஒண்ணும் தப்பில்லை."

என் மடியில் அவளுடைய எட்டு மாதப் பையன் என் சேலைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் மேஜைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு விளக்கினார். தட்டம்மைக் கிருமி சில குழந்தைகளின் மூளையில் போய்த் தங்கிவிடும். அம்மை இறங்கி, குழந்தை ஆடி ஓடி, எல்லாரும் மறந்தபின் பல வருஷம் கழித்து வேலையைக் காட்டும். ரொம்பச் சின்ன வயசில் அம்மை வந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்; நிறுத்த முடியாது.

"எவ்வளவு நாள்?" என்று அவள் கேட்டாள். டாக்டர் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்றார். அவள் மறுபடி, "குணமாக எவ்வளவு நாள்?" என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் பேசப் பேச நான் ஏழு வருஷத்தைத் திரும்ப நடந்துகொண்டிருந்தேன். மொட்டைமாடியில் அவள் நொண்டியடித்த ஒவ்வொரு சாயங்காலமும் அது உள்ளே இருந்திருக்கிறது. பிறந்தநாள் கேக்கை வெட்டும்போது இருந்திருக்கிறது. என் மகனோடு சண்டை போடும்போது, என் தோளில் தூங்கும்போது, பெத்தம்மா என்று கூப்பிடும்போது. நாங்கள் அனுப்பி வைத்தது அது; மேல்மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு.

டாக்டரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். என் மகனுக்கும் இரண்டு வயசுக்குள் அம்மை வந்ததே, அவனுக்கும் இது வருமா? "ரொம்ப அபூர்வம். பயப்படாதீங்க" என்றார். அபூர்வம் என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் பழக்கம். அன்றிலிருந்து அவன் சாப்பிடும்போது ஸ்பூன் பிடிக்கும் கையைப் பார்க்கிறேன். அவன் ஷூ லேஸ் கட்டும்போது விரல்களைப் பார்க்கிறேன். "ஏம்மா என் கையையே பார்க்கிறே?" என்று அவனும் கேட்டுவிட்டான்.

நான் வாயைத் திறந்தது மனசாட்சியால் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, நான் லீவு போட்டிருந்த நாள். கீழே போனேன். பெண் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை விழுந்து விழுந்து நிமிர்ந்தது. அதற்குள் நடை தள்ளாட ஆரம்பித்திருந்தது. பையன் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். சுகாதார நிலையத்துப் பெண்மணி அப்போதுதான் வந்துவிட்டுப் போயிருந்தார்.

"நாளைக்கு புதன்கிழமை, பையனைத் தூக்கிட்டு வா, ஒன்பதாம் மாச ஊசின்னு சொல்லிட்டுப் போறாங்க அக்கா. நக்கோன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா? தம்பிக்குப் போட்டீங்களே, என்ன பிரயோஜனம்? போட்டும் வந்துச்சு. அந்த ஊசிக்குள்ளயும் இதே கிருமிதான் இருக்காமே, பக்கத்து வீட்டுல சொன்னாங்க. இன்னொண்ணையும் இப்படிக் கிடத்திப் பார்க்க என்னால ஆகாது அக்கா. இவனுக்கு எந்த ஊசியும் போட மாட்டேன்."

பையன் தவழ்ந்து வந்து என் கால் கட்டைவிரலைப் பிடித்தான். அவன் பிடி ஈரமாக இருந்தது.

"அவனுக்குப் போடலை" என்றேன்.

"யாருக்கு?"

"என் பையனுக்கு. அந்த ஊசியை நான் போடவே இல்லை. ஊர்ல போட்டேன்னு பொய் சொன்னேன். அட்டையில நானே எழுதினேன். அவன் அப்பாவுக்கும் தெரியாது. வலிப்பு வந்துடும்னு பயந்து போடலை. ஊசி போட்டும் அம்மை வரலை. போடாததால வந்துச்சு. ஊசியில இருக்கறது இந்த வியாதியைக் கொண்டு வராது, டாக்டர்கிட்ட வேணும்னா நீயே கேளு. இவனுக்குப் போடு. தயவுசெஞ்சு போட்டுடு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு சின்னச் சட்டையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். கட்டிலில் பெண்ணின் கை வெட்டி இழுத்துச் சுவரில் இடித்தது. அவள் எழுந்து போய்ச் சுவருக்கும் கைக்கும் நடுவில் ஒரு தலையணையை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் கேட்டேனே அக்கா" என்றாள்.

"கேட்டே."

"லேசாக் காய்ச்சல்கூட வரலைன்னீங்க."

"ஆமா."

"மேடம் முன்னால நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீங்க மேல போங்க" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் அங்கேயே நின்றிருப்பேன்.

மறுநாள் காலை பால்கனியிலிருந்து பார்த்தேன். பையனைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவள் கேட்டைத் திறந்து போனாள். ஒரு மணி நேரம் கழித்து, ஊசி போட்டு அழுது முகம் சிவந்திருந்த அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே பார்க்கவில்லை. அன்று முழுவதும் நான் கீழ்வீட்டுச் சத்தங்களையே கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை ஒருமுறை அழுதது, பின்பு சிரித்தது.

கணவரிடம் அன்றே சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து அந்த மஞ்சள் அட்டையை எடுத்துப் பார்த்தார். "தினமும் மருந்தைச் சோதிச்சுக் கையெழுத்துப் போடுதவன் நான். என் வீட்டு அட்டையை ஒரு நாள்கூட உத்துப் பாக்கலையே" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பழியில் பாதியை அவர் எடுத்துக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவளே படியேறி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசல்படியில் நின்றபடியே பேசினாள்.

"என் வீட்டுக்காரருக்கு நான் சொல்லலை. சொல்ல மாட்டேன். உங்களுக்காக இல்ல. அவருக்குத் தம்பின்னா உசுரு. மண்டியில இருந்து வரும்போது தம்பிக்குன்னு ஏதாவது எடுத்துட்டு வராம இருக்க மாட்டாரு. சொன்னா அப்புறம் அவனை எப்படிப் பார்ப்பாரு? அவன் என்ன பண்ணான்? சின்னக் குழந்தை, மூக்கு ஒழுகிச்சு, பக்கத்துல உட்கார்ந்தான்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும் சொல்லக்கூடாது" என்றாள்.

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையைப் பின்னால் இழுக்கவில்லை. அங்கேயே இருந்த கை, பிடிக்கப்படுவதற்காக இல்லை என்று தெரிந்தது. நான் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகும் என் மகன் தினமும் கீழே போனான். அவள் அவனைத் தடுக்கவே இல்லை. பள்ளிவிட்டு வந்ததும் நேரே அந்தக் கட்டிலுக்குத்தான் போவான். பெண்ணின் பேச்சு நின்றபின் அவன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினான். அவளுக்குக் கண் தெரிகிறதா என்று யாருக்கும் நிச்சயமில்லாதபோதும் படக்கதைப் புத்தகத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்துப் பக்கம் திருப்பினான். மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி விடும்போது, கையைக் கழுவிவிட்டு வந்து குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நானும் போனேன். படுக்கை விரிப்பை மாற்றினேன், முதுகைத் துடைத்தேன், மருந்து வாங்கி வந்தேன். நானும் அவள் அம்மாவும் தேவையான வார்த்தைகளை மட்டும் பேசினோம். "அந்தப் பக்கம் தூக்குங்க." "தண்ணி சூடா இருக்கா?" இரண்டு பேர் சேர்ந்து அந்த உடம்பைப் புரட்டிப் போடும்போது எங்கள் கைகள் அவள் முதுகுக்கடியில் இடித்துக்கொள்ளும்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று மார்ச்சில், முற்பகலில், அது முடிந்தது. கடைசி நாட்களில் துடிப்பும் அடங்கியிருந்தது. அவள் புருஷன் மேலே வந்து என் கணவர் தோளில் சாய்ந்து அழுதார். "உங்க வீட்டுல எவ்வளவு பண்ணீங்க அண்ணா, சொந்தக்காரங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க" என்றார். என் கணவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கீழே போனபோது அவள் எழுந்து என்னிடம் வந்தாள். "தம்பி ஸ்கூல்ல இருந்து வந்துட்டானா?"

"இல்லை. கூப்பிட ஆள் போயிருக்கு."

"இங்க கூட்டிட்டு வராதீங்க" என்றாள். "எடுத்துட்டுப் போறவரைக்கும் வேணாம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனுக்குப் பதினோரு வயசு. அந்த முகத்தை அவன் பார்க்கவேண்டாம் என்று நினைத்தாளா, அன்று ஒருநாளாவது அவன் முகத்தைத் தான் பார்க்கவேண்டாம் என்று நினைத்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. கணவர் அவனைத் தெரு முனையிலேயே நிறுத்தி நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போனார். வந்ததும் என்னிடம்தான் கேட்டான். "எந்துக்கம்மா? ஏன் என்னை மட்டும் விடலை?"

சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்றேன். அவளுடைய தம்பி, மூன்று வயசுகூட ஆகாதவன், அங்கேதானே இருந்தான் என்றான். நான் எழுந்து அவன் பள்ளிப் பையை எடுத்து உள்ளே வைத்தேன்.

அந்த மே மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்து அவள் அம்மா வீட்டுப் பக்கம் போனார்கள். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது என் மகன் அந்தப் பையனைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தான். அவள் வண்டியில் ஏறுமுன் என் மகன் தலையில் கையை வைத்தாள். எடுக்க நேரமானது. என்னைப் பார்த்து, "வரேன் அக்கா" என்றாள். அவள் வரவில்லை, நானும் போகவில்லை.

மகன் இப்போது என்னைவிட உயரம். சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைக்கிறேன். சொன்னால் அந்தப் பாரம் என்னிடமிருந்து இறங்கி அவன் மேல் ஏறிக்கொள்ளும் என்று பிறகு விட்டுவிடுகிறேன். அவன் எழுதும்போது, எதிரே உட்கார்ந்து காய் நறுக்குவது மாதிரி அவன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.